வேட்டை முடிந்த பிறகு வரும் பில்

வெளிநாட்டில் வேட்டையாடியதன் தோல், கொம்பு, மண்டையோட்டை வீடு கொண்டுவருவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். வேட்டை சரியா தவறா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. பெட்டி, பெர்மிட், பில் மட்டும்.

கேள்வி: நண்பர்களோடு தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போவுக்குப் போவதாகத் திட்டம். குடு, இம்பாலா, வில்டபீஸ்ட் என்ற மான் வகைகள், வரிக்குதிரை என்று ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுப் பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். வீடு வந்து சேர இது போக எவ்வளவு ஆகும்? – வாசகர், ஹூஸ்டன்

பதில்: பட்டியலில் இருப்பது ‘டிராபி ஃபீஸ்’, அதாவது சுட்ட மிருகத்துக்கான கட்டணம். தோல், கொம்பு, மண்டையோடு போன்ற வேட்டை நினைவுப் பொருளைத்தான் டிராபி என்கிறார்கள். தோலை உரித்து உப்புப் போட்டு, மண்டையோட்டை அவித்து முகாமில் வைப்பதோடு அந்தக் காசுக்கான வேலை முடிந்தது. பிறகு நடப்பதெல்லாம் தனி பில். அதுவும் ஒரே இடத்திலிருந்து வராது. நாலைந்து பேர் ஆளுக்கொன்று அனுப்புவார்கள்.

முகாமிலிருந்து பாடம் செய்பவரின் (தோலை உயிருள்ள உருவம்போல ஆக்குபவரின்) பட்டறைக்கு வண்டிச் செலவு. அங்கே எல்லாவற்றையும் கிருமிநீக்கம் செய்து பொதி கட்டும் வேலைக்கு ‘டிப் அண்ட் பேக்’ என்று பெயர். உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அடுத்து ஏற்றுமதி பெர்மிட், அரசு கால்நடை மருத்துவரின் சான்றிதழ், மரப்பெட்டி. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து விமானச் சரக்குக் கட்டணம். அமெரிக்காவில் இறங்கியதும் கஸ்டம்ஸ் புரோக்கர், சரக்குக் கிடங்கின் கையாளும் கூலி, அங்கிருந்து உங்கள் ஊர்ப் பாடம் செய்பவரின் கடைக்கு லாரி. இத்தனையும் ஆன பிறகு வந்து நிற்பது பதனிடாத தோலும் வெறும் கொம்பும்தான். அதைச் சுவரில் மாட்டும் உருவமாக்க, குடு போன்ற பெரிய தலை ஒன்றுக்கே ஆயிரம் டாலரை எளிதாகத் தாண்டும்.

சைட்டிஸ் (அழிவாபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) பட்டியலில் வராத நாலைந்து மிருகங்களை டிப் அண்ட் பேக் செய்து விமானத்தில் அனுப்பினால், அமெரிக்க விமான நிலையம் வரை வழக்கமாக 1,500 முதல் 3,000 டாலர் ஆகும். சிறுத்தையோ நீர்யானையோ பட்டியலில் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது.

முன்பணம் கட்டுவதற்கு முன் வேட்டை ஏற்பாட்டாளரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் பட்டறைக்குப் போகிறது, அதை மாற்ற எனக்கு உரிமை உண்டா, ஹூஸ்டன் வரை இனவாரியாக எவ்வளவு. ‘அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், பிறகு பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான்.

மூன்று பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் போட்டால் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். மிச்சம் உண்டு. ஆனால் மூவரில் ஒருவருடைய காகிதத்தில் சிக்கல் வந்தாலும் மொத்தப் பெட்டியும் நிற்கும். எல்லாருடையதும் சாதாரண மான் வகையாக இருந்தால் சேரலாம். ஒருவருடையது சைட்டிஸ் இனம் என்றால் அவருக்குத் தனிப் பெட்டி.

கேள்வி: அங்கேயே பாடம் செய்து முடித்து வாங்குவது மலிவு என்கிறார்களே? – வாசகர், டல்லாஸ்

பதில்: கைவேலைக் கூலி மலிவு. பெட்டி மலிவில்லை. விமானச் சரக்கில் தராசு காட்டும் எடைக்கும் கன அளவு எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் கிடைக்கும்.

தோள் வரை பாடம் செய்த ஒரு குடு தலைக்கு 150 × 90 × 80 அளவில் பெட்டி வேண்டும் என்று வையுங்கள். பெருக்கினால் 10,80,000. 6,000-ஆல் வகுத்தால் 180 கிலோ. பெட்டியோடு சேர்த்து அதன் உண்மையான எடை இதில் பாதிகூட வராது. அதே குடுவின் உப்பிட்ட தோலை மடித்து, கொம்பைக் கழற்றி 120 × 60 × 50 பெட்டியில் அடக்கினால் 60 கிலோ. கிலோவுக்கு 6 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 1,080, மற்றதற்கு 360. இது ஒரு தலைக்கு. மூன்று தலை என்றால் கூலியில் மிச்சம் பிடித்ததை விமானம் தின்றுவிடும்.

கொம்பைக் கழற்றுவது என்றால் பயப்பட வேண்டாம். குடு, இம்பாலா, எருமை எல்லாவற்றுக்கும் கொம்பு என்பது எலும்பு மையத்தின் மேல் போட்ட உறை. அவித்தாலோ சில நாள் ஊறவிட்டாலோ உறை தளர்ந்து கையோடு வரும். உள்ளிருக்கும் எலும்பைக் குட்டையாக அறுத்துவிட்டால் பெட்டி பாதியாகும். இங்கே வந்ததும் உறையை மறுபடி பொருத்திக்கொள்ளலாம். ஆனால் மண்டையோட்டை நெற்றி நடுவே இரண்டாக அறுக்க யாரையும் விடாதீர்கள். கேப் எருமை போன்றவற்றுக்குக் கொம்புகளின் அகலத்தையும் அளந்துதான் சாதனைப் பதிவு செய்கிறார்கள். அறுத்த மண்டையில் அந்த அளவு செல்லாது. ‘எந்த எலும்பை, எங்கே அறுக்கலாம்’ என்று எழுத்தில் சொல்லுங்கள்.

அங்கேயே முடிக்க ஒரு நல்ல காரணம் உண்டு. பாடம் செய்து முடித்தது முழுக்கப் பதனிட்ட பொருள் என்பதால் அமெரிக்க வேளாண் துறையின் கெடுபிடி குறையும். கெட்ட பக்கம், வழியில் காது ஒடிந்தால், மூக்கில் வெடிப்பு விட்டால், செய்தவர் கண்டம் தாண்டி இருப்பார். கண், உதடு, மூக்கு வேலையைப் படத்தில் பார்த்து முடிவு செய்யாமல், அந்தப் பட்டறை செய்து இரண்டு வருடமாவது ஆன உருப்படி ஒன்றை நேரில் பாருங்கள். தையல் விரிவதும் காது சுருங்குவதும் அதற்குள் தெரிந்துவிடும்.

கப்பலில் அனுப்பினால் டர்பன் துறைமுகத்திலிருந்து கன மீட்டர் கணக்கு. முழு உருவங்களுக்கு அதுதான் வழி. சின்னப் பெட்டியாக இருந்தாலும் குறைந்தது ஒரு கன மீட்டருக்குக் கட்டவேண்டி வரும். கடல் கட்டணத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு, இறங்கும் துறைமுகத்தில் கன்டெய்னரைப் பிரிக்க, காகிதம் கொடுக்க என்று தனித்தனியாக வாங்குவார்கள். இரு முனைச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் போடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: பெட்டி வந்தது. தோலைப் பதனிடக் கொடுத்த இடத்தில் காதிலும் முகத்திலும் முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது என்கிறார்கள். விமானக் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கலாமா? – வாசகர், அட்லாண்டா

பதில்: கேட்கலாம், கிடைக்காது. முடி உதிர்வதற்கான காரணம் பெரும்பாலும் முதல் நாள் மாலையிலேயே முடிந்துபோயிருக்கும். செத்த உடலின் சூட்டில் பாக்டீரியா முடிவேரைத் தளர்த்துகிறது. அது நடந்த பிறகு எவ்வளவு உப்புப் போட்டாலும் தோல் காய்ந்து நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும். பதனிடும் தொட்டியில் நனைந்ததும் குட்டு வெளிப்படும். சரக்குக் காப்பீடும் இதைப் பொருளுக்குள்ளேயே இருந்த பழுது என்று ஒதுக்கிவிடும்.

அடுத்த முறைக்கு, முகாமில் நின்று பார்க்க வேண்டியது இதுதான். சில மணி நேரத்துக்குள் தோலை உரித்து நிழலில் ஆறவிட வேண்டும். ஒட்டியிருக்கும் சதை, கொழுப்பு முழுவதையும் சுரண்ட வேண்டும். காதை உள்பக்கமாக நுனி வரை திருப்பி, குருத்தெலும்பிலிருந்து பிரித்திருக்கிறார்களா என்று விரலை விட்டே பாருங்கள். சோம்பலில் பாதியோடு விட்டிருப்பார்கள், முடி உதிர்வது அங்கேதான் தொடங்கும். உதட்டையும் மூக்கையும் உள்பக்கம் கீறி விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் தடித்த இடங்களுக்குள் உப்பு இறங்காது.

உப்பு நைஸாக இருக்க வேண்டும். கல்லுப்பு மடிப்புகளுக்குள் போகாது. தோலின் எடைக்குச் சமமான எடை உப்பு என்பது கைக்கணக்கு. உள்பக்கம் முழுவதும் தேய்த்து, நீர் வடியச் சாய்வாகப் போட வேண்டும். 24 மணி நேரம் கழித்து நனைந்த உப்பை உதறிவிட்டுப் புது உப்பு. இன்னொரு நாள் கழித்து நிழலில் காற்றாடத் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் மிச்சக் கொழுப்பு உருகித் தோலின் நார்களை வேக வைத்துவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் புழுங்கி அழுகும். காய்ந்த பிறகு தோல் வண்டு வராமல் பூச்சி மருந்து.

வெட்டும் இடத்தையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். தோள் வரை பாடம் செய்ய நினைத்தால் முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு சாணாவது தள்ளித் தோலைச் சுற்றி வெட்ட வேண்டும். குட்டையாக வெட்டிய தோலை வைத்துப் பாடம் செய்பவர் ஒன்றும் செய்ய முடியாது. வேறொரு மிருகத்தின் தோலைத் தனியாக விலைக்கு வாங்க வேண்டியதுதான். தொண்டையை அறுக்கவே கூடாது. இறைச்சிக்காக அறுக்கும் பழக்கத்தில் உதவியாள் கத்தியை எடுத்துவிடுவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேள்வி: வார்ட்ஹாக் பன்றி ஒன்று சுட்டோம். அதற்கு மட்டும் வேளாண் துறை ஏன் இத்தனை கேட்கிறது? – வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பன்றி இனத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பயம்தான் காரணம். வார்ட்ஹாக் அந்த வைரஸைத் தாங்கி நிற்கும். அதற்கு ஒன்றும் ஆகாது, வளர்ப்புப் பன்றிக்குப் பரவினால் கொத்தாகச் சாகும். பிளவுக் குளம்புள்ள மான், மாடு வகைகளுக்கு இதேபோலக் கோமாரி பயம்.

ஆகவே பதனிடாத தோல் நேராக உங்கள் வீட்டுக்கு வர முடியாது. அமெரிக்க வேளாண் துறை அங்கீகரித்த பாடம் செய்யும் கடைக்கோ பதனிடும் ஆலைக்கோதான் போக வேண்டும்; காகிதத்தில் பெறுநர் முகவரி அதுவாக இருக்க வேண்டும். உங்கள் ஊர்க்காரருக்கு அங்கீகாரம் இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்பதை வேட்டைக்குப் போகும் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் அங்கீகாரம் உள்ள வேறொரு இடத்தில் பதனிட்டு, பிறகு இவருக்கு அனுப்ப இன்னொரு லாரி வாடகை.

தந்தம், கொம்பு, மண்டையோடு எல்லாம் சதை, நரம்பு, இரத்தக்கறை இல்லாமல் காய்ந்து சுத்தமாக இருந்தால் சுலபம். மூக்குத் துளையின் உள்ளே ஒட்டியிருக்கும் காய்ந்த சவ்வு, மூளை இருந்த குழியின் மிச்சம், கொம்பு உறைக்கும் எலும்புக்கும் நடுவே அழுகிக் காய்ந்தது, இந்த மூன்றில்தான் ஆய்வாளர் டார்ச் அடிப்பார்.

கேள்வி: பில்டாங் என்கிற உப்புக்கண்டம் கொஞ்சம் பையில் எடுத்து வரலாமா? – அதே வாசகர்

பதில்: கூடாது. மான் கறியோ மாட்டுக் கறியோ, அமெரிக்க விமான நிலையத்தில் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: சிறுத்தை வேட்டைக்குப் போக நினைக்கிறேன். எந்தப் பெர்மிட்டை முதலில் எடுப்பது? – வாசகர், நியூஜெர்சி

பதில்: சிறுத்தை சைட்டிஸ் முதல் பட்டியல், கட்டுப்பாடு மிகக் கடுமையானது. முதலில் இறக்குமதி பெர்மிட், பிறகு ஏற்றுமதி பெர்மிட், வரிசை மாறாது. அமெரிக்க மீன்–வனவிலங்குத் துறையிடம் விண்ணப்பித்து, அது கையில் வந்தால்தான் ஆப்பிரிக்க நாடு தன் பெர்மிட்டைத் தரும். மாதக்கணக்கில் ஆகும். இறக்குமதி பெர்மிட்டுக்கு 12 மாதம், ஏற்றுமதி பெர்மிட்டுக்கு 6 மாதம் ஆயுள். பட்டறைக்காரர் தாமதித்து 6 மாதம் தாண்டினால் ஏற்றுமதி பெர்மிட்டை மறுபடி எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு சிறுத்தைத் தோலிலும் ஒருமுறை பூட்டினால் கழற்ற முடியாத பட்டை இருக்க வேண்டும். அதில் நாடு, வருடம், அந்த வருட ஒதுக்கீட்டில் எத்தனையாவது தோல் என்ற எண். நமீபியாவின் ஒதுக்கீடு 250 என்றால் 250-க்குள் ஓர் எண். பெர்மிட்டிலும் அதே எண் வேண்டும். பதனிடும்போது வசதிக்காகப் பட்டையை வெட்டி எறிந்துவிட்டுப் ‘பத்திரமாக வைத்திருக்கிறோம்’ என்று கவரில் போட்டு அனுப்பும் பட்டறைகள் உண்டு. வெட்டிய பட்டை செல்லாது.

யானைத் தந்தத்திலும் இதே கதை. நாட்டுக் குறி, வருடம், வரிசை எண், கிலோவில் எடை ஆகியவை தந்தத்தின் மேலேயே பதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இனி, சரக்கு முடங்கும் இடங்கள். பெர்மிட்டில் நோக்கக் குறியீடு ‘ஹெச்’ என்று இருக்க வேண்டும். வேட்டை டிராபி என்று பொருள். ‘டி’ என்று போட்டுவிட்டால் வியாபாரச் சரக்கு, கதை கந்தல். அடுத்து எண்ணிக்கை. ‘1 சிறுத்தை’ என்று மட்டும் எழுதினால் போதாது. 1 தோல், 1 மண்டையோடு என்று பாகம் பாகமாக வேண்டும். பூனை இனங்களின் தோள் சதைக்குள் சின்னதாக மிதக்கும் காறை எலும்புகளைப் பலர் நினைவாக எடுத்து வைப்பார்கள். விரல் நீளம்கூட இல்லாத அந்த எலும்பு பெர்மிட்டில் இல்லாமல் பெட்டியில் இருந்தால், கூடுதல் பொருள் என்று பறிமுதல். கடைசியாக, பெட்டி கிளம்பும் விமான நிலையத்தில் அதிகாரி சரக்கைப் பார்த்து, பெர்மிட்டின் ஏற்றுமதிக் கட்டத்தில் எண்ணிக்கை எழுதி முத்திரையும் கையெழுத்தும் போட வேண்டும். அந்தக் கட்டம் காலியாக வந்தால் பெர்மிட் இருந்தும் இல்லாததற்குச் சமம். பிறகு வாங்கிக் கொடுப்பதை அமெரிக்கா அநேகமாக ஏற்காது. சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டரிடம் அந்தக் கட்டத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டி விமானம் ஏறும் முன்.

நம்மவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு தொல்லையும் உண்டு. இனிஷியல். வேட்டைப் பதிவேட்டில் கூப்பிடும் பெயரை எழுதுவீர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நீட்டி முழக்கி இருக்கும். பெர்மிட்டில் வேறு ஒரு வரிசையில். தென்னாப்பிரிக்காவில் உங்களோடு வரும் உரிமம் பெற்ற வேட்டை வழிகாட்டி நிரப்பும் பதிவேடுதான் எல்லாக் காகிதத்துக்கும் மூலம். அதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லி, கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

சட்டம் நடுவில் மாறும் ஆபத்தும் இருக்கிறது. 2014 ஏப்ரலில் ஜிம்பாப்வே, தான்சானியா யானை டிராபிகளை அமெரிக்கா திடீரென்று நிறுத்தியது. 2016 ஜனவரியில் ஆப்பிரிக்கச் சிங்கம் அமெரிக்காவின் அழிந்துவரும் இனங்கள் சட்டத்துக்குள் வந்தது. 2022-இல் தென்னாப்பிரிக்காவில் சிறுத்தை, யானை, கருப்புக் காண்டாமிருக ஒதுக்கீட்டை மேற்கு கேப் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. காசு கட்டிய பிறகு இப்படி ஆனால் முன்பணம் திரும்புமா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: வரிக்குதிரைக்கு சைட்டிஸ் வேண்டாம் என்றார்கள். இப்போது வேண்டும் என்கிறார்கள். எது சரி? – வாசகர், சிகாகோ

பதில்: இரண்டும். சமவெளி வரிக்குதிரைக்கு வேண்டாம். நமீபியாவின் ஹார்ட்மன் மலை வரிக்குதிரை இரண்டாம் பட்டியல், அதற்கு ஏற்றுமதி பெர்மிட் வேண்டும். காகிதத்தில் வெறுமனே ‘வரிக்குதிரை’ என்று இருந்தால் ஆய்வாளர் தோலை விரித்துப் பார்ப்பார். சமவெளி இனத்துக்குக் கோடு வயிற்றின் அடியில் சுற்றி வரும். மலை இனத்துக்கு வயிறு வெள்ளை, பிட்டத்தின் மேல் ஏணிப்படி போலக் குறுக்குக் கோடுகள்.

இதேபோல பிளெஸ்பாக் மானுக்குத் தொல்லையில்லை. அதன் உடன்பிறப்பான போன்ட்டெபாக் அமெரிக்கச் சட்டத்தில் அழிந்துவரும் இனம், தனி இறக்குமதி பெர்மிட். ஒட்டகச்சிவிங்கி 2019 நவம்பர் முதல் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பழைய விலைப்பட்டியல்களில் இதைக் காணமுடியாது. அறிவியல் பெயரை துணை இனம் வரை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் இருப்பது டென்வர். நேராக இங்கே அனுப்பச் சொல்லிவிட்டேன். புரோக்கர் முடியாது என்கிறார். – வாசகர், டென்வர்

பதில்: அவர் சொல்வது சரி. வனவிலங்குப் பொருள்கள் இதற்கென்று குறித்த துறைமுகம், விமான நிலையம் வழியாகத்தான் நுழையலாம். டல்லாஸ், ஹூஸ்டன், சிகாகோ, அட்லாண்டா, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில் போன்றவை அதில் உண்டு, டென்வர் இல்லை. டல்லாஸில் கிளியர் செய்து லாரியில் கொண்டுவருவதுதான் நடைமுறை. விமானச் சரக்கின் ஏர்வே பில்லில் சேருமிடத்தை இப்போதே மாற்றுங்கள். பெட்டி பறந்த பிறகு மாற்றினால் இரட்டைச் செலவு.

இறங்கும் இடத்தில் மூன்று துறைகளைத் தாண்ட வேண்டும்: சுங்கம், மீன்–வனவிலங்குத் துறை, வேளாண் துறை. மீன்–வனவிலங்குத் துறைக்கான அறிவிப்புப் படிவத்தின் எண் 3-177. அதை நீங்களே நிரப்பலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மூன்று அலுவலகங்களும் ஒரே கட்டிடத்தில் இருக்காது, ஒரே நேரத்தில் திறந்திருக்காது. சரக்குக் கிடங்கில் இலவசமாக வைத்திருப்பது சில நாள்தான். பிறகு ஒவ்வொரு நாளும் வாடகை ஓடும். வெள்ளிக்கிழமை மாலை வந்திறங்கும் பெட்டி சனி, ஞாயிறைச் சும்மா தின்றுவிடும். டிராபி வேலை தெரிந்த புரோக்கருக்குக் கொடுக்கும் காசு இங்கே வீண் இல்லை. பெட்டி கிளம்பும் முன்பே காகிதங்களின் நகலை அவருக்கு அனுப்பி, அவர் ‘சரி’ என்று சொன்ன பிறகு ஏற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பெட்டியை மரத்துக்காகவே நிறுத்தி வைத்தார்கள். உள்ளே இருப்பதைப் பற்றிக் கேள்வியே இல்லை! – வாசகர், டொராண்டோ

பதில்: நடக்கும். ஐ.எஸ்.பி.எம். 15 என்ற உலக விதிப்படி, பெட்டியின் பச்சை மரம், அதாவது பிளைவுட் போல ஒட்டிச் செய்யாத பலகை, உள்மையம் வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். அல்லது மெத்தில் புரோமைடு புகை போட்டிருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கதிர் படம் போட்ட முத்திரை. பெட்டியின் பலகைகளில் முத்திரை இருந்து, அடியில் அடித்த இரண்டு கட்டைகளில் இல்லாமல் போவதுதான் அதிகம். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை. ஆனால் மூலைச் சட்டங்கள் பச்சை மரமாக இருக்கும், அவற்றுக்கு உண்டு. முழுக்கப் பிளைவுட்டில் அடிக்கச் சொல்லலாம்.

கேள்வி: வரும்போதே விமானத்தில் கூட எடுத்து வந்துவிட்டால்? – வாசகர், சான் ஃபிரான்சிஸ்கோ

பதில்: காகிதம் அதற்குள் தயாராகாது. பத்து நாள் வேட்டைக்குப் பத்தாம் நாள் தோல் காய்ந்திருப்பதே அதிசயம்; கால்நடைச் சான்றிதழும் ஏற்றுமதி பெர்மிட்டும் கிடைத்து டிப் அண்ட் பேக் பெட்டி வீடு வர நாலு முதல் எட்டு மாதம் சாதாரணம். அங்கேயே பாடம் செய்தால் ஒரு வருடத்துக்கு மேல். தவிர, விமானக் கம்பெனிகளுக்கும் சொந்த விதி உண்டு. ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டதும் 2015 ஆகஸ்டில் டெல்டா நிறுவனம் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை டிராபிகளை ஏற்ற மறுத்தது. எமிரேட்ஸ் சரக்குப் பிரிவு அதற்கு முன்பே, அதே வருடம் மே மாதம், சில இனங்களை நிறுத்தியிருந்தது. சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தாலும் ஏற்றிக்கொள்ள ஆள் வேண்டும். வழியில் எந்த விமானம் மாறுகிறது என்பதையும் ஃபார்வர்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆஸ்திரேலியாவுக்குச் சிங்கத் தோல் கொண்டுவர முடியுமா? – வாசகர், சிட்னி

பதில்: முடியாது. 2015 முதல் தடை.

கேள்வி: ஐரோப்பாவில் நிலவரம் என்ன? – வாசகர், லண்டன்

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் ஆப்பிரிக்க யானை, சிங்கம், நீர்யானை, தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம், பனிக்கரடி, அர்காலி ஆடு ஆகிய ஆறுக்கும், இரண்டாம் நிலைப் பட்டியலில் இருந்தாலும் இறக்குமதி பெர்மிட் தனியாக வேண்டும். அதற்கு மேல் நாடு நாடாக: பிரான்ஸ் 2015-இல் சிங்கத்தை நிறுத்தியது, நெதர்லாந்து 2016-இல் பல இனங்களை, பின்லாந்தும் பெல்ஜியமும் பின்னால் சட்டம் போட்டன. பிரிட்டனில் முழுத் தடை மசோதாவை 2023 மார்ச்சில் காமன்ஸ் சபை நிறைவேற்றியது. பிரபுக்கள் சபையில் முடங்கிவிட்டது. பெர்மிட் வாங்கும் நாளில் உள்ள சட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். பெட்டி வந்து இறங்கும் நாளில் எது அமலில் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தா காலத்துக் காட்டெருமைத் தலை இருக்கிறது, மைசூர் வான் இங்கன் கம்பெனி பாடம் செய்தது. அப்பா சமீபத்தில் காலமானார். லண்டனில் இருக்கும் தம்பி அதைக் கேட்கிறான். அனுப்பலாமா? – வாசகி, குன்னூர்

பதில்: அனுப்ப முடியாது. வான் இங்கன் பட்டறை 1999-இல் மூடிவிட்டதால் அந்தத் தலைகளுக்கு வெளிநாட்டில் மதிப்பு அதிகம். அதனாலேயே இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. காட்டெருமை 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையிலும், சைட்டிஸில் முதல் பட்டியலிலும் உள்ள இனம். இந்தியாவிலிருந்து ஏற்றுமதி பெர்மிட் கிடைக்காது. சுட்டது சட்டம் வருவதற்கு முன்பு என்று நிரூபித்தாலும் பயன் இல்லை. விற்கவும் கூடாது. சாமான்களோடு சேர்த்துக் கன்டெய்னரில் அனுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாட்டினால் வழக்கு அனுப்பிய உங்கள் மேல்.

தம்பியைவிட அவசரமான வேலை ஒன்று உங்களுக்கு இருக்கிறது. தாத்தா அல்லது அப்பா பெயரில் வனத்துறை கொடுத்த உரிமைச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறதா என்று தேடுங்கள். வாரிசாக உங்களுக்கு வந்த பொருளைப் பற்றி, வந்த 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். சான்றிதழின் நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தலையின் நான்கு பக்கப் படங்கள், கொம்பின் நீளம், பலகையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் கம்பெனிச் சீட்டின் படம் ஆகியவற்றை இணைத்து, மாவட்ட வன அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பிறகு குடும்பத்துக்குள் பெங்களூருக்கோ கொச்சிக்கோ கொண்டு போனால், மாநிலம் மாறிய 30 நாளுக்குள் அதையும் தெரிவிக்க வேண்டும். சான்றிதழே இல்லையென்றால் தலையைத் தொடாமல், படிவத்தை நிரப்பாமல், முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.